விதைகளை எண்ணிய மடாதிபதி: கிரகோர் மெண்டல் சுவாமியார்

வீட்டுக் கொல்லையில் பீன்ஸ் பயிரிட்டு, விதையையும் நீங்களே எடுத்து வைக்கிறவராயிருந்தால், இந்த அநுபவம் உங்களுக்கு ஒருமுறையாவது நேர்ந்திருக்கலாம். நல்ல வெள்ளை விதைகளாகப் பொறுக்கி, சாம்பல் கலந்து, டப்பாவில் பத்திரப்படுத்தினீர்கள். அடுத்த பருவத்தில் அதையே ஊன்றினீர்கள். வெளி விதை ஒன்றையும் வாங்கவில்லை. ஆயினும் நெற்று காய்ந்து உடைத்துப் பார்த்தபோது, ஒரு செடியில் மட்டும் வெள்ளைக்குப் பதிலாகப் புள்ளி விழுந்த கருநிற விதைகள் இருந்தன. டப்பாவில் யாரோ வேறு விதையைப் போட்டுவிட்டார்கள் என்று வீட்டில் ஒருவர்மேல் ஒருவர் குறை சொல்லியிருப்பீர்கள். பிள்ளைகள் செய்த வேலை என்று அவர்கள் முதுகில் இரண்டு வைத்திருக்கவுங்கூடும்.

பிள்ளைகளை வீணாய் அடித்தீர்கள். நடந்தது இன்னதென்று உலகத்துக்கு விளங்கும் வழியைத் திறந்தவர் ஒரு குருவானவர். பரீட்சையில் தவறியவர், ஏழைக் குடியானவனின் மகன், உயிரோடிருந்த காலத்தில் யாரும் பொருட்படுத்தாத ஆராய்ச்சியாளர். அவருடைய ஜீவியத்தைச் சற்றுப் பொறுமையாய்க் கேளுங்கள்.

அவர் 1822-ம் ஆண்டு ஜூலை மாதம், அப்போது ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த சிலேசியா நாட்டில் ஒரு சிற்றூரில் பிறந்தார். இன்று அது செக் குடியரசில் இருக்கிறது. ஞானஸ்நானத்தில் அவருக்கு இட்ட பெயர் யோகான்; நம் முன்னோர் வழக்கில் சொன்னால் அருளப்பன். தகப்பனார் அந்தோன் மெண்டல் சொந்தமாய்ச் சிறிது நிலம் வைத்திருந்தார். ஆனால் அந்நாட்டு வழக்கப்படி, வாரத்தில் மூன்று நாள் ஜமீன்தாரின் நிலத்தில் கூலியின்றி உழைத்தாக வேண்டும். மற்ற நாட்களில்தான் தன் நிலத்தைப் பார்க்கலாம். அந்தத் தகப்பனாருக்குப் பழமரங்களில் ஒட்டுக்கட்டுவதில் மிகுந்த ஆசை. பங்குச் சுவாமியார் ஷ்ரைபரும் அந்தக் கலையில் தேர்ந்தவர். பையன் யோகான் மண்ணையும் செடியையும் இவ்விருவரிடமிருந்தே கற்றுக்கொண்டான்.

பையன் புத்திசாலி என்று கண்ட சுவாமியாரும் உபாத்தியாயரும் அவனைப் பெரிய பள்ளிக்கு அனுப்பும்படி பெற்றோரை ஏவினார்கள். அனுப்பினார்கள். ஆனால் முழுச் சாப்பாட்டுக்குப் பணம் கட்ட வசதியில்லை. பாதிச் சாப்பாட்டுக்குக் கட்டிவிட்டு, மீதியை ஊரிலிருந்து அவ்வப்போது வரும் ரொட்டியையும் வெண்ணெயையும் கொண்டு சமாளித்தான். 1838-ல் மரம் உருண்டு விழுந்து தகப்பனார் நொறுங்கிப்போனார். வீட்டில் உழைக்க ஆளில்லை. மகன் மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தன் வயிற்றைக் கழுவினான். பசியும் கவலையும் சேர்ந்து, மாதக்கணக்கில் படுக்கையிலும் கிடந்தான்.

அந்தச் சமயத்தில் கைகொடுத்தவள் தங்கை தெரேசாள். தன் விவாகத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பங்கில் ஒரு பாகத்தை அண்ணன் படிப்புக்கு விட்டுக்கொடுத்தாள். வாசகரே, இந்தத் தங்கையை மறந்துவிடாதீர்கள். பின்னால் அவள் திரும்ப வருவாள்.

1843-ம் ஆண்டு அக்டோபர் மாதம், இன்று பிர்னோ எனப்படும் நகரத்திலிருந்த அர்ச். அகுஸ்தினார் சபை மடத்தில் அவர் பிரவேசித்தார். அர்ச். தோமையார் பெயரால் விளங்கிய மடம் அது. அங்கே பெற்ற சந்நியாசப் பெயர்தான் கிரகோர். 1847-ல் குருப்பட்டம் பெற்று, பங்கு வேலையில் ஏற்படுத்தப்பட்டார். ஆனால் ஆஸ்பத்திரியில் வேதனைப்படுகிறவர்களையும் சாகக் கிடக்கிறவர்களையும் காணக் காண அவர் மனம் தாங்கவில்லை. அவரே வியாதியில் விழுந்தார். மடாதிபதி சிரில் நாப் நல்ல விவேகி. இவருக்கு ஏற்ற வேலை இதுவல்ல என்று கண்டு, 1849-ல் அவரை ஸ்னோய்மோ பட்டணத்துப் பள்ளிக்கு ஆசிரியராக அனுப்பினார்.

அங்கே பிள்ளைகளுக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் நிரந்தர ஆசிரியராக வேண்டுமானால் அரசாங்கப் பரீட்சை தேற வேண்டும். 1850-ல் எழுதினார், தவறினார். இரண்டு வருஷம் வியன்னா சர்வகலாசாலைக்கு அனுப்பப்பட்டு, பௌதிகமும் கணிதமும் தாவர நூலும் கற்றுத் திரும்பினார். 1856-ல் மறுபடி பரீட்சைக்குப் போனார், அதிலும் தேறவில்லை. 1854 முதல் 1868 வரை, பிர்னோ நகரத்துப் பள்ளியில் 14 வருஷம் துணை ஆசிரியராகவே இருந்தார். பரீட்சையில் தவறிய பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இந்த இடத்தை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இரண்டாம் முறை தோற்ற அதே 1856-ல்தான் அவர் மடத்துத் தோட்டத்தில் தம் பெரிய வேலையைத் தொடங்கினார். தோட்டம் என்றால் பெரிய பண்ணையல்ல. சுமார் 115 அடி நீளமும் 23 அடி அகலமும் உள்ள ஒரு துண்டு நிலம். அதில் பட்டாணி போட்டார்.

ஏன் பட்டாணி? பட்டாணிப் பூவின் அமைப்பைக் கவனித்தால் விளங்கும். பீன்ஸ் பூவும் அதே சாயல்தான். கீழே இரண்டு இதழ்கள் ஓடம்போல ஒட்டிக்கொண்டு, ஆண் பாகத்தையும் பெண் பாகத்தையும் உள்ளே மூடி வைத்திருக்கின்றன. மொட்டு முழுதும் விரியுமுன்பே மகரந்தத்தூள் அதே பூவின் சூல்முடியில் படிந்துவிடுகிறது. ஆகையால் வழக்கமாகச் செடி தன்னாலேயே காய்க்கும், ஜாதி கலப்பதில்லை. கலக்க வேண்டுமென்று விரும்பினால் மனிதன் தன் கையால்தான் கலக்க வேண்டும். மெண்டல் சுவாமியார் இளம் மொட்டைப் பிரித்து, மகரந்தத்தூள் முதிருமுன்பே கேசரங்களை இடுக்கியால் எடுத்துவிடுவார். பிறகு வேறு செடியின் தூளைக் கொண்டுவந்து சூல்முடியில் தடவுவார். பிற தூள் படாதபடி அந்தப் பூவைப் பாதுகாப்பார்.

வழக்கமாகக் கலப்பதில்லை என்றேன். ஒருபோதும் கலப்பதில்லை என்று சொல்லவில்லை. சுவாமியாரின் கவனம் எவ்வளவு நுட்பமானது என்பதை இங்கேதான் காணலாம். முதலில் விதை வியாபாரிகளிடம் 34 வகைப் பட்டாணி வாங்கி, இரண்டு வருஷம் சும்மா பயிரிட்டுப் பார்த்தார். மாறாமல் நிலைத்து வருகிறவற்றில் 22 வகைகளை மட்டுமே சோதனைக்குத் தேர்ந்தெடுத்தார். பட்டாணி வண்டு பூவுக்குள் முட்டையிடப் புகும்போது அந்த ஓட இதழைத் திறந்துவிடுகிறது என்பதையும் கண்டுகொண்டார். திறந்த பூவில் அந்நியத் தூள் விழலாமல்லவா? ஆதலால் ஒவ்வொரு சோதனையிலும் சில செடிகளைத் தொட்டியில் வைத்து, பூக்கும் சமயத்தில் கண்ணாடி வீட்டுக்குள் தள்ளி, வெளிச் செடிகளோடு ஒப்பிட்டார். 10,000-க்கு மேற்பட்ட செடிகளைப் பரிசோதித்ததில், எதிர்பாராமல் கலந்தது என்று உறுதியாய்ச் சொல்லத்தக்கவை மிகச் சிலவே. அந்தச் சிலவற்றையும் அவர் மறைக்கவில்லை. எழுதி வைத்தார்.

சோதனையின் பலன் என்ன? மஞ்சள் பருப்புள்ள பட்டாணியையும் பச்சைப் பருப்புள்ள பட்டாணியையும் கலந்தார். வந்த விதைகள் எல்லாம் மஞ்சள். பச்சை அழிந்துபோயிற்று என்றுதானே நீங்களும் நானும் நினைப்போம்? அவர் அந்த மஞ்சள் விதைகளை ஊன்றி, அவற்றைத் தன்னாலேயே காய்க்க விட்டார். ஒரே நெற்றுக்குள் மஞ்சளும் பச்சையும் கலந்து கிடந்தன. மொத்தம் 8,023 விதைகளை எண்ணினார். மஞ்சள் 6,022, பச்சை 2,001. உருண்டை விதையையும் சுருங்கிய விதையையும் கலந்தபோதும் இவ்விதமே. 7,324-ல் உருண்டை 5,474, சுருங்கியது 1,850. எதை எடுத்தாலும் மூன்றுக்கு ஒன்று.

இதிலிருந்து அவர் கண்ட உண்மை இது. ஒவ்வொரு குணத்துக்கும் விதைக்குத் தாய்வழியாக ஒரு பங்கும் தந்தைவழியாக ஒரு பங்கும் கிடைக்கிறது. இரண்டும் கலங்கிக் குழம்பாகிப் போவதில்லை. ஒன்று வெளியே தெரிகிறது. மற்றது உள்ளே மறைந்திருக்கிறது. மறைந்தது அழிவதில்லை. தனக்கு இணையான பங்கு வந்து சேரும் தலைமுறையில், கொஞ்சமும் பழுதின்றி அது வெளியே வருகிறது.

இப்போது உங்கள் கொல்லைக்கு வாருங்கள். பீன்ஸ் பூவும் பெரும்பாலும் தன்னாலேயே காய்ப்பதுதான். ஆனால் தேனீயும் துளைக்கும் வண்டும் மிகுந்த இடங்களில், பக்கத்துப் பாத்தியிலுள்ள வேறு ஜாதி பீன்ஸின் தூள் எப்போதாவது ஒரு பூவில் சேர்ந்துவிடுகிறது. அந்தப் பூவின் காயை உடைத்தால் உள்ளே இருக்கும் விதை எப்படியிருக்கும்? முன்போலவே வெள்ளையாய்த்தான் இருக்கும். அதனால்தான் நீங்கள் ஏமாந்தீர்கள்.

காரணம் எளிது. விதையில் தோல் வேறு, பருப்பு வேறு. தோல் தாய்ச் செடியின் உடம்பு, பருப்புதான் பிள்ளை. பட்டாணியில் மஞ்சள், பச்சை என்று பார்த்தது பருப்பின் நிறத்தை. ஆகையால் கலந்த அதே பருவத்தில் கலப்பு கண்ணுக்குத் தெரியும். பீன்ஸில் நாம் பார்ப்பது தோலின் நிறத்தை. பிள்ளை எதுவானாலும் அதற்குப் போர்த்திய துணி தாயினுடையது. கலப்பு விதையை ஊன்றி, அது செடியாகித் தானே தாயாகும்போதுதான் புதுத்தோல் வெளிப்படும். அந்தச் செடியின் விதைகள் எல்லாம் ஒரே மாதிரியாக, ஆனால் பழைய ஜாதிக்கு வேறாக இருக்கும். அவற்றை ஊன்றினால் அதற்கடுத்த பருவத்தில் ஒரு செடியில் ஒரு நிறம், இன்னொரு செடியில் இன்னொரு நிறம் என்று பலவிதமும் தோன்றும். ஆக, இன்று நீங்கள் கண்ட மாறுதல் இன்று நடந்ததல்ல. சென்ற பருவத்திலோ அதற்கும் முன்போ ஒரு தேனீ செய்துவிட்டுப் போன காரியம் அது.

மெண்டல் சுவாமியார் பீன்ஸையும் சோதித்தார் என்பது அநேகருக்குத் தெரியாது. வெள்ளைப் பூவும் குட்டைச் செடியுமான பீன்ஸை, செக்கச்சிவந்த பூப்பூக்கும் உயரக் கொடி பீன்ஸோடு கலந்தார். இவை நெருங்கிய உறவானாலும் வெவ்வேறு இனம். ஆகையால் கலப்புச் செடிகள் சரியாய்க் காய்க்கவில்லை. 17 செடிகளில் நூற்றுக்கணக்கான பூக்கள் பூத்தும் 49 விதைகளே கிடைத்தன. மறுவருஷம் அவற்றிலிருந்து 44 செடிகள் எழும்பின, பூத்தவை 31. செடியின் உயரத்திலும் காயின் வடிவத்திலும் பட்டாணியில் கண்ட பிரமாணமே இங்கும் தெரிந்தது. பூவின் நிறத்தில் மட்டும் கணக்கு உதைத்தது. நாலில் ஒன்று வெள்ளையாயிருந்தால் ஏழெட்டுச் செடிகள் வெள்ளையாய்ப் பூத்திருக்க வேண்டும். பூத்ததோ ஒரே ஒரு செடி! மற்றவை செந்நீலம் முதல் வெளிறிய ஊதா வரையில் படிப்படியாய்ப் பலவிதம்.

வேறொருவராயிருந்தால், பட்டாணியின் அழகான கணக்கைக் கெடுக்கும் இந்த பீன்ஸைச் சொல்லாமலே விட்டிருப்பார். இவரோ தம் கட்டுரையிலேயே அதைச் சேர்த்தார். ஒருவேளை இந்தச் சிவப்பு ஒரே குணமல்ல. தனித்தனியான இரண்டோ அதற்கு மேற்பட்டவையோ சேர்ந்து உண்டாக்கும் நிறமாயிருக்கலாம் என்று எழுதினார். இரண்டு சேர்ந்ததென்றால் 16-ல் ஒன்றுதான் வெள்ளையாகும்; 31 செடிகளில் ஒன்றோ இரண்டோ. அவர் அநுமானித்த வழி சரியானதே என்பதைப் பிற்காலம் காட்டிற்று. பல பங்குகள் கூடி ஒரு குணத்தை உண்டாக்குவது செடியிலும் மிருகத்திலும் மனிதனிலும் சர்வசாதாரணம்.

1865-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதியும் மார்ச் 8-ந் தேதியும் பிர்னோ நகரத்து இயற்கை நூல் சங்கத்தில் தம் ஆராய்ச்சியை வாசித்தார். மறுவருஷம் அது அச்சாயிற்று. 40 தனிப்பிரதிகள் எடுத்துப் பல அறிஞர்களுக்கு அனுப்பினார். மியூனிக் நகரத்துப் பேராசிரியர் நேகெலி ஒருவர் மட்டும் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொண்டார். அவரும் இதன் அருமையை உணரவில்லை. தாம் ஆராய்ந்துவந்த காட்டுச் செடியொன்றைச் சோதிக்கும்படி ஏவினார். கண் கெடுமளவுக்கு அந்தச் சிறு பூக்களோடு சுவாமியார் பாடுபட்டார்; மூன்றுக்கு ஒன்று அதில் வரவேயில்லை. அந்தச் செடி பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை உண்டாக்குவது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தெரிந்தது. பாவம், சுவாமியார் அதற்கு என்ன செய்வார்? இந்தத் தோல்வியையும் அவர் மறைக்காமல் வெளியிட்டார்.

1868-ல் மடத்துச் சகோதரர்கள் அவரை மடாதிபதியாகத் தெரிந்துகொண்டார்கள். தங்கை தெரேசாளுக்கு மூன்று ஆண்பிள்ளைகள். மூவரையும் பிர்னோ நகரத்துக்கு வரவழைத்துப் படிக்கவைத்தார். இருவர் வைத்தியரானார்கள். தங்கை தன் விவாகப் பங்கிலிருந்து கொடுத்தது அவ்வண்ணம் அவள் பிள்ளைகளிடத்தில் திரும்பி வந்தது.

ஆனால் மடாதிபதிக்குத் தோட்டத்தில் நிற்க நேரமில்லை. மடங்களின் சொத்துக்கு அரசாங்கம் 1874-ல் விதித்த புது வரி நியாயமல்லவென்று எதிர்த்து, சாகுமட்டும் வழக்காடினார். பழைய நண்பர்கள் சிலர் விலகினார்கள். தேனீ வளர்ப்பும், நாள்தோறும் வெயில் மழை காற்றைக் குறித்து வைப்பதுமே ஆறுதல். சிறுநீரக வியாதியால் உடல் வீங்கி, 1884-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, மூன்று இராஜாக்கள் திருநாளன்று மரித்தார். நகரத்தார் ஒரு நல்ல மடாதிபதியை அடக்கம் செய்ததாக நினைத்தார்கள். ஒரு பெரிய சாஸ்திரியை அடக்கம் செய்தோம் என்று அவர்களுக்குத் தெரியாது. அவருடைய காகிதங்களில் பெரும்பாகம் நெருப்புக்கு இரையாயிற்று.

பதினாறு வருஷம் சென்றது. 1900-ல் ஹாலந்து தேசத்து டி விரீஸ், ஜெர்மனி தேசத்து கோரன்ஸ், ஆஸ்திரியாவின் செர்மாக் என்ற மூவர், செடிகளைக் கலந்து ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஒரே முடிவை வெளியிட்டார்கள். பழைய நூல்களைப் புரட்டியபோது, 34 வருஷத்துக்கு முன்பே ஒரு சந்நியாசி அதை எண்ணி எழுதிவைத்திருக்கக் கண்டார்கள். பச்சைப் பட்டாணியைப்போலவே அவருடைய வேலையும் ஒரு தலைமுறை மறைந்திருந்தது, அழியவில்லை. பாரம்பரிய சாஸ்திரம் முழுதும் இன்று அவர் பெயரைக்கொண்டு தொடங்குகிறது.

பிரிய வாசகரே, இனி டப்பாவில் அந்நிய விதை கண்டால் எறிந்துவிடாதீர்கள். அதைத் தனியே ஒரு பாத்தியில் ஊன்றி, செடிக்குச் செடி நெற்றைத் தனித்தனியே உடைத்து, பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். ஜாதி கலக்காமல் வேண்டுமென்றால், இரண்டு வகை பீன்ஸை அடுத்தடுத்துப் போடாதீர்கள். விதைக்கென்று விடும் செடியை முன்கூட்டியே குறித்து, பூக்குமுன் மெல்லிய துணியால் மூடிவிடுங்கள். தன்னாலே காய்க்கும் பீன்ஸ் துணிக்குள்ளும் காய்க்கும்.

இன்னும் ஒரு காரியம். வீட்டில் குழந்தை பிறந்ததும் அதன் நிறத்தைப் பார்க்கிறோம். பெற்றோர் இருவரும் சிவப்பாயிருக்க, குழந்தை கறுத்திருந்தால், சில வீடுகளில் வீணான பேச்சு எழும்புகிறது. பழி பெரும்பாலும் அந்த ஏழை மருமகள் தலையில் விழுகிறது. மனிதனுடைய நிறம், அந்த பீன்ஸ் பூவின் நிறத்தைப்போல, ஒரே பங்கால் ஆனதல்ல; அநேகம் பங்குகள் கூடி உண்டாவது. ஒரே தாய் தகப்பன் பிள்ளைகளிலேயே ஒன்று கறுத்தும் ஒன்று வெளுத்தும் இருப்பதைக் காண்கிறோமே. பாட்டனிடமோ பாட்டியிடமோ இருந்து, பெற்றோரிடத்தில் மறைந்து கிடந்தது பேரப்பிள்ளையிடத்தில் வெளியே வருகிறது. அதற்காக ஒருவர் கண்ணீர் விடும்படி பேசுவது அறியாமை மட்டுமல்ல, அநியாயமும் கூட.

விதை மாறியபோது பிள்ளையை அடித்தோம். நிறம் மாறியபோது மருமகளைக் குறை சொன்னோம். பிர்னோ நகரத்துச் சுவாமியார் ஒருவரையும் குறை சொல்லவில்லை. தமக்கு விளங்காததைக் கண்டபோதெல்லாம் அவர் குனிந்து எண்ணினார். அடுத்த முறை உங்கள் வீட்டில் ஆச்சரியமான ஒன்று தோன்றும்போது, வாய் திறக்குமுன் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.